சோறு தேடும் மனமும் சீனி வருத்தமும்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் சங்கத்தின் நலன்பேண் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



ஒரு கல்லூரியின் நூறாவது ஆண்டில் பேசுவதற்கு எத்தனையோ இருக்கின்றன. கட்டடங்களைப் பற்றிப் பேசலாம், பெறுபேறுகளைப் பற்றிப் பேசலாம், மறைந்த ஆசிரியைகளை நினைவுகூரலாம். அவற்றையெல்லாம் எம்மிலும் தகுதியானவர்கள் இந்த மேடையில் செய்துவிட்டார்கள். நாங்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். காரணம் எளிது. முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே வகுப்புத் தோழியர் இருவர் சந்தித்தால் முதற் கேள்வி "எப்படிச் சுகம்?" என்பது. இரண்டாவது கேள்வி பிள்ளைகளைப் பற்றியது. மூன்றாவது கேள்வி, குரலைச் சற்றுத் தாழ்த்தி, "உமக்கும் சீனியோ?" என்பது. நேற்று மாலை விடுதி முற்றத்தில் இந்தக் கேள்வி எத்தனை தரம் காதில் விழுந்தது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

2005–2006 இல் எமது நாட்டில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, 20 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமானோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் தமக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது. அந்த ஆய்வு ஒன்பது மாகாணங்களுள் ஏழில் மட்டுமே நடந்தது. போர் நடந்த வடக்கும் கிழக்கும் அதில் சேரவில்லை. ஆகவே மன்னார்ப் பெண்களாகிய நாம் அந்த எண்ணுக்குள் இல்லை. அதன் பின் நாட்டில் நீரிழிவு கூடியதே தவிரக் குறையவில்லை.

நோயைப் பற்றி மருத்துவர்கள் சொல்வார்கள். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது அதற்கு ஒரு படி முந்திய விடயம். கிளினிக்கில் "சோற்றைக் குறையுங்கோ, பாணைக் குறையுங்கோ, சீனியை விடுங்கோ" என்று சொல்லி அனுப்புகிறார்கள். நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம். மூன்று நாள் நல்லாகப் போகும். நாலாம் நாள் பின்னேரம் நாலு மணிக்குக் கை தானாக பிஸ்கற் டப்பாவைத் தேடும். ஐந்தாம் நாள் இரவு பிட்டு இரண்டு மடங்காகும். பிறகு "எனக்கு மனவுறுதி இல்லை" என்று நாமே எம்மைத் திட்டிக்கொண்டு பழையபடி தொடங்குவோம். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும், விரத நாட்களிலும் தவக்காலத்திலும் மீனை விடுகிறவர்களுக்கும் இந்தப் பாடு இரட்டிப்பு. இந்தத் தேட்டம் எங்கிருந்து வருகிறது, அதை எப்படிச் சமாளிப்பது என்பதே எமது பேச்சு.

முதலில் உடம்பு. மனைப்பொருளியல் வகுப்பில் படித்ததை ஒருதரம் நினைத்துப் பார்ப்போம். சோறு, பாண், இடியப்பம், மரவள்ளி, உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் இருப்பது மாப்பொருள். அது வயிற்றில் உடைந்து குளுக்கோசாகி இரத்தத்தில் சேரும். சதையி இன்சுலினைச் சுரந்து அதைக் கலங்களுக்குள் அனுப்பும். தவிடு நீங்கிய வெள்ளையரிசியும் கோதுமை மாவும் விரைவில் உடைவதால் குளுக்கோசு சட்டென ஏறும், பலருக்குச் சட்டென இறங்கவும் செய்யும். 2021 இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் வேறு ஆய்வாளர்களும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை அவதானித்து வெளியிட்ட ஆய்வில், சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் குளுக்கோசு அதிகம் இறங்கியவர்களுக்கே பசி கூடுதலாக இருந்தது, அடுத்த வேளையை அவர்களே முந்திச் சாப்பிட்டார்கள். பகல் ஒரு மணிக்குச் சோறு, நாலு மணிக்குப் பணிஸ் என்ற எமது கணக்கு இதனோடு அப்படியே பொருந்துகிறது. நாலு மணித் தேட்டத்தின் வேர் ஒரு மணிக் கோப்பையில் இருக்கிறது. மனவுறுதியின் பங்கு அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, கோப்பையில் என்ன இல்லை என்பது. நன்றாக அவிந்த சோறு ஒரு கப்பில் ஏறக்குறைய 45 கிராம் காபோவைதரேற்றும் 4 கிராம் புரதமும் உண்டு. எம்மில் பலர் பகலில் போட்டுக்கொள்வது மூன்று கப். ஒரே வேளையில் 135 கிராம் ஆகிவிடுகிறது. மருத்துவ நூல்கள் ஒரு நாள் முழுவதுக்கும் 130 கிராமுக்குக் குறைந்ததையே பொதுவாகக் 'காபோ குறைந்த உணவு' என்கின்றன. மன்னாரில் சாதாரண நாளில் இந்தச் சோற்றோடு மீன் இருக்கிறது. 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு புரதம் உண்டு. பேசாலையிலிருந்தோ தாழ்வுபாட்டிலிருந்தோ வந்த சூடையும் கீரியும் பாரையும் எம்மை அறியாமலே எமது கோப்பையைச் சமன்செய்து வந்திருக்கின்றன.

இப்போது வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். தவக்கால வெள்ளியில் இறைச்சியை விலக்குவது திருச்சபையின் ஒழுங்கு. எம் ஊர் வீடுகள் பலவற்றில் அன்றைக்கு மீன்சட்டியும் அடுப்பேறாது. சைவ வீடுகளில் வெள்ளி, சிவராத்திரி, நவராத்திரி, கந்தசஷ்டி என்று மரக்கறி நாட்கள் வரும். திருக்கேதீச்சரத்துக்குப் போய் வந்த நாளில் வீட்டில் மச்சம் இராது. மீன் போன இடத்தில் என்ன வருகிறது? உருளைக்கிழங்குப் பிரட்டல், தண்ணீராய் ஒரு பருப்பு, அப்பளம், மோர்மிளகாய், அதற்குச் சரியாக இன்னும் ஓர் அகப்பை சோறு. புரதம் பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது, மாப்பொருள் கூடிவிடுகிறது. மரக்கறி நாளில் "என்ன சாப்பிட்டாலும் வயிறு நிரம்பின மாதிரி இல்லை" என்று சொல்கிறோமே, அது பொய்யில்லை. 60 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளுக்கு 48 கிராம் புரதமாவது வேண்டும். அதைக் கொடுக்காமல் சோற்றை மட்டும் வெட்டினால் உடம்பு விடாது, கேட்டுக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, நினைவு. இதை எமது ஊரில் இருந்து பேசும்போது விட்டுவிட முடியாது. எழுபதுகளில் வளர்ந்த அக்காமாருக்குப் பாணுக்கு விடிய வரிசையில் நின்றது நினைவிருக்கும். மரவள்ளியும் குரக்கனும் அரிசிக்குப் பதிலாக வந்த காலம் அது. 1990 இல் தலைமன்னாரிலிருந்து வள்ளமேறி மண்டபம் முகாமுக்குப் போனவர்கள் இங்கே இருக்கிறார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் எருக்கலம்பிட்டியிலிருந்தும் மன்னார் நகரிலிருந்தும் குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் குடிசையில் வாழ்ந்த முஸ்லிம் தோழியர் இங்கே இருக்கிறார்கள். மாந்தை மேற்கிலிருந்து வன்னிக்குள் இடம்பெயர்ந்து 2009 இல் மெனிக் பாம் வரை போனவர்களும் இருக்கிறார்கள். அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்று நிவாரணம் அளந்து கிடைத்த நாட்களில், றொட்டி ஒன்று கிடைத்தால் அது உயிர். அப்படி உயிர் காத்த உணவை "நஞ்சு" என்று யாராவது சொன்னால் எமக்குள் ஏதோ ஒன்று எதிர்த்து நிற்கும். அது நியாயமே. சோறு எமது எதிரி அல்ல. கட்டுக்கரைக் குளத்து நீரில் முருங்கனிலும் நானாட்டானிலும் விளைந்த நெல்லை எதிரி என்று சொல்ல எமக்கு வாய் வராது. பசித்த காலத்தில் பழகிய அளவை, பசியில்லாத காலத்திலும், வயலுக்கோ கடலுக்கோ போகாத உடம்போடு தொடர்வதே எமது சிக்கல்.

இந்த மூன்றும் விளங்கினால் செய்ய வேண்டியவை தாமாகவே தெரியும். அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

ஒன்று: குறைக்குமுன் கூட்டுங்கள். சோற்றை எடுப்பதற்கு முன் புரதத்தையும் கீரையையும் கோப்பையில் வையுங்கள். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இது கடினமில்லை. மரக்கறி நாளுக்குப் பருப்பைத் தண்ணீராக வைக்காமல் தடிப்பாக வைத்து ஒரு கப் எடுத்தால் 16, 18 கிராம் புரதம் வரும். அவித்த கொண்டைக்கடலை ஒரு கப்பில் 14 கிராம் அளவு உண்டு. பயறு, கௌபி, உழுந்து, சோயா மீற், தயிர், ஒரு கைப்பிடி கச்சான், முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை, எல்லாம் மன்னார்ச் சந்தையிலேயே உண்டு. பருப்பிலும் கடலையிலும் காபோவைதரேற்று இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அதோடு நார்ப்பொருளும் புரதமும் சேர்ந்திருப்பதால் மெல்ல மெல்லவே உடையும், பசியைப் பின்னேரம் வரை தாங்கும். ஒரு நாளுக்கு 20, 30 கிராம் காபோதான் என்று வெளிநாட்டில் சிலர் பிடிக்கும் கடும் பத்தியத்தை மரக்கறிக்காரர் பிடித்தால் பருப்பையும் கடலையையும் கூட விட வேண்டிவரும். எமக்கு அது வேண்டாம். பாதி தூரம் போனாலே பெரிய பலன் உண்டு.

கோப்பையை இப்படிப் பார்க்கலாம்: பாதிக் கோப்பை முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி, புடோல், பாகல், கத்தரி, பயிற்றங்காய் போன்றவை. கால் கோப்பை மீன் அல்லது தடித்த பருப்பு, கடலை. மீதிக் கால் கோப்பை சோறு, ஒரு கப். முருங்கை எமது வேலியில் நிற்கிறது, காசு கேட்பதில்லை.

இரண்டு: சாப்பிடும் ஒழுங்கை மாற்றுங்கள். 2015 இல் நியூயோர்க்கில் வைல் கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் நீரிழிவு உள்ள 11 பேரிடம் ஒரு சிறு பரிசோதனை செய்தார்கள். ஒரே உணவுதான். ஒரு நாள் பாணை முதலிலும் மரக்கறியையும் இறைச்சியையும் 15 நிமிடம் கழித்தும் கொடுத்தார்கள். இன்னொரு நாள் மாற்றிக் கொடுத்தார்கள். மரக்கறியும் புரதமும் முதலில் போன நாளில் ஒரு மணி நேரத்தின் பின் இரத்தக் குளுக்கோசு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக இருந்தது. பதினொரு பேர் சிறு தொகைதான். ஆனாலும் இதைச் செய்து பார்க்கச் செலவில்லை. கீரையையும் கறியையும் முதலில் சும்மா சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் தொடுங்கள். முதல் இரண்டு நாள் கைக்கு விசித்திரமாக இருக்கும். பிறகு சோறு தானாகவே மிஞ்சத் தொடங்கும்.

மூன்று: சோற்றின் வகையும் ஆற்றிய சோறும். தவிட்டோடு கூடிய சிவப்புக் குத்தரிசி, தீட்டிய வெள்ளையரிசியைவிட மெல்ல உடையும். அளவு அதே என்பதை மறக்க வேண்டாம். சிவப்பு என்பதற்காக நாலு கப் போட்டால் கணக்கு பழையபடிதான். 2015 இல் கொழும்பில் உள்ள இரசாயன விஞ்ஞானக் கல்லூரியின் மாணவர் சுதைர் ஜேம்ஸும் அவரது மேற்பார்வையாளர் புஷ்பராஜா தவராஜாவும் இலங்கை அரிசி 38 வகைகளை ஆராய்ந்து அமெரிக்க இரசாயனச் சங்கக் கூட்டத்தில் ஒரு விடயத்தைச் சொன்னார்கள். கொதிநீரில் தேங்காயெண்ணெய் சிறிது விட்டு, அதில் அரிசியை அவித்து, 12 மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், மாப்பொருளில் ஒரு பகுதி எளிதில் சமிக்காத வகையாக மாறுகிறது என்பதே அது. அது ஆய்வுகூடக் கண்டுபிடிப்பு, அதை நம்பி மருந்தை விட முடியாது. ஆனால் பழஞ்சோற்றில் தயிரும் வெங்காயமும் பச்சைமிளகாயும் பிசைந்து கொடுத்த அம்மம்மாமார் ஆற்றிய சோற்றின் அருமையை அறிந்தே இருந்தார்கள் என்று நாம் மகிழலாம். ஒரு கவனம்: எமது வெக்கையில் சோற்றை மேசையில் மணிக்கணக்காக விடக்கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றிக் குளிரில் வைத்து, மறுநாள் நன்றாகச் சூடாக்கி ஒருதரம் மட்டும் பாவியுங்கள்.

நான்கு: பழைய உணவுகளைத் திரும்ப அழையுங்கள். ஒடியல் கூழை எடுத்துக்கொள்வோம். ஒரு பெரிய பானைக் கூழில் ஒடியல் மா தடிப்புக்கு மட்டுமே. மற்றதெல்லாம் முருங்கையிலை, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மீன், நண்டு, இறால், பழப்புளி. மரக்கறி நாளில் மீனுக்குப் பதிலாகக் கடலையும் பயறும் போட்டு வைக்கலாம். ஒரு கோப்பை கூழ் குடித்தால் இரவுக்கு வேறொன்றும் தேடாது. பிட்டை எடுத்துக்கொள்வோம். வெறும் கோதுமை மாப் பிட்டுக்குப் பதில் குரக்கன் மாவும் உழுத்தம் மாவும் கலந்து, கீரையைப் பொடியாக அரிந்து சேர்த்து அவித்தால் கீரைப் பிட்டு. அதில் அரைக் குழல் போதும். நாம் பெரியபிள்ளையானபோது முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் தந்தார்களே, அன்று அது வேண்டா வெறுப்பாய் இறங்கியது. அந்த உழுந்தில் இருந்த புரதத்தின் அருமை இப்போது விளங்குகிறது. ஆனால் பனங்கட்டியில் ஏமாற வேண்டாம். அது சீனியைவிடச் சுவையானது, எமது மண்ணின் பொருள், எல்லாம் சரி. ஆயினும் அதில் பெரும்பகுதி சீனியேதான். "பனங்கட்டிதானே" என்று மூன்று துண்டு கடித்தால் குளுக்கோசு மானி இரக்கம் காட்டாது.

ஐந்து: தேத்தண்ணி. ஒரு நாளுக்கு நாலு தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் எட்டுக் கரண்டி, 32 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 2015 இல் விடுத்த பரிந்துரைப்படி, சேர்க்கும் சீனியை நாளுக்கு 25 கிராமளவுக்குள், அதாவது ஆறு கரண்டிக்குள் வைத்தால் மிக நல்லது. பிஸ்கற்றும் யோகட்டும் சோடாவும் அதற்குள்தான் அடங்க வேண்டும். ரின்பாலில் பாதிக்கு மேல் சீனி. ஒரே நாளில் விட வேண்டாம். இரண்டு கரண்டி ஒன்றரை ஆகட்டும், இரண்டு கிழமை கழித்து ஒன்றாகட்டும். நாக்கு பழகிவிடும். கடையில் சோடா வாங்கும்போது போத்தலின் வர்ணக் குறியைப் பாருங்கள். 2016 ஓகஸ்ட் முதல் எமது நாட்டில் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. 2019 முதல் பொதியிட்ட திண்ம உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்புக்குத் தனித்தனி வர்ணம் உண்டு. பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் அவர்களே எமக்குக் காவலர் ஆகிவிடுவார்கள்.

ஆறு: தேட்டம் வரும் நேரத்தில் என்ன செய்வது? முதலில், அது அலைபோல வந்து போகும் என்பதை நினைவில் வையுங்கள். பல வேளைகளில் கால் மணி, அரை மணியில் தணிந்துவிடும். அந்த நேரத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர் அல்லது உப்பும் தேசிக்காயும் அளவாய் விட்ட மோர் குடியுங்கள். பத்து நிமிடம் நடவுங்கள். சாப்பிட்ட பின் நடக்கும் நடை இரட்டை நன்மை, ஏறிய குளுக்கோசைத் தசை எடுத்துக்கொள்ளும். இன்னும் பசி இருந்தால் அது உண்மையான பசி, அதற்குச் சாப்பாடு கொடுங்கள்: அவித்த கடலை, கச்சான், ஒரு முட்டை, தயிர், கொய்யாப்பழம். பட்டினி கிடக்க வேண்டாம். பகல் வேளையைத் தவறவிட்டவர்கள்தான் இரவில் பாணை முழுதாக முடிப்பார்கள். நித்திரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சரியாக நித்திரை கொள்ளாத மறுநாள் இனிப்பும் மாப்பொருளும் கூடத் தேடும் என்பதை நாம் எல்லோரும் அனுபவத்தில் அறிவோம், ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. வீட்டில் இருப்பதைத்தான் கை எடுக்கும். பிஸ்கற்றை வாங்கி அலுமாரியில் பூட்டி வைப்பதைவிட, வாங்காமல் விடுவது எளிது.

ஏழு: வரும் நாட்களை மதியுங்கள். நத்தாருக்குக் கேக், பொங்கலுக்குப் பொங்கல், தீபாவளிக்கு அரியதரமும் பயத்தம்பணியாரமும், பெருநாளுக்கு வட்டிலப்பம். இவற்றை வாழ்நாள் முழுக்க விலக்கும் பத்தியம் எவராலும் நிலைக்காது. அன்றைக்கு ஒரு துண்டை அமர்ந்து, ருசித்து, குற்றவுணர்வு இல்லாமல் சாப்பிடுங்கள். அந்த வேளைச் சோற்றைப் பாதியாக்குங்கள். மறுநாள் பழைய ஒழுங்குக்குத் திரும்புங்கள். நோன்பு காலத்தில் எமது முஸ்லிம் தோழியர் நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம் ஒன்று, நோன்புக் கஞ்சி ஒரு கோப்பை என்று தொடங்கி, சற்று நேரம் பொறுத்துச் சாப்பாட்டுக்குப் போனால், ரோல்ஸும் கட்லற்றும் சர்பத்தும் கேட்கும் தேட்டம் பாதியாகும்.

இனி மிக முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களும் கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகள் எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைத் திடீரெனக் குறைக்கக்கூடாது. மருந்து அதே அளவில் இருக்க, உணவு குறைந்தால் குளுக்கோசு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, தடுமாற்றம் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்பப் பரிசோதியுங்கள். அந்த நேரத்தில் சீனிதான் மருந்து. புதிதாக வந்துள்ள, சிறுநீரோடு சீனியை வெளியேற்றும் குளிசைகளை எடுப்பவர்கள் காபோவை மிகக் கடுமையாகக் குறைத்தால் வேறோர் ஆபத்தும் உண்டு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறுநீரக நோய் உள்ளவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்டே எதையும் மாற்ற வேண்டும். நோன்பும் விரதமும் பிடிப்பவர்களும் அப்படியே. முழு மரக்கறிக்காரருக்கு விற்றமின் பி12 குறையலாம், மெற்போமின் குளிசையும் அதைக் குறைக்கும். கை கால் விறைப்பு வந்தால் "சீனியால்தான்" என்று விட்டுவிடாமல் பி12 ஐயும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

"இதெல்லாம் காசுள்ளவர்களுக்கு" என்று ஊரில் இருக்கும் தங்கைமார் நினைக்கக்கூடும். 2022 இல் விலைகள் ஏறியபோது பல வீடுகளில் முதலில் குறைந்தது மீனும் முட்டையும் பாலும்தான். கோப்பையில் மிஞ்சியது சோறும் சம்பலும். அந்த வீட்டுப் பெண்ணிடம் சோற்றைக் குறை என்று சொல்வதில் பொருளில்லை. அவருக்கு ஒரு கிலோ பயறும், வேலி முருங்கையும், சிறுமீனும், நாலு கோழியும் கிடைக்க வழி செய்வதே அறிவுரை. வெளிநாட்டில் இருக்கும் அக்காமாரே, ஊருக்கு நீங்கள் அனுப்பும் பெட்டியில் சொக்லற்றுக்குப் பதிலாக ஒரு குளுக்கோசு மானியும் அதற்கான பட்டிகளும் வையுங்கள். அது பல வீடுகளில் கண்ணையும் காலையும் காக்கும்.

வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கும் ஒரு சொல். தென்னாசியர் மெலிந்த தோற்றத்திலேயே நீரிழிவுக்கு ஆளாகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் ஆசியருக்கு உடல் நிறைச் சுட்டெண் 23 இலேயே எச்சரிக்கை வேண்டும் என்றது, ஐரோப்பியருக்கு அது 25. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கவனம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பனிக்காலத்தில் வீட்டுக்குள் அடைந்திருக்கும் உடம்புக்கு, நானாட்டான் வயலில் நாற்று நட்டவரின் சோற்றளவு தேவையில்லை.

இறுதியாக மூன்று வேண்டுகோள். முதலாவது, இங்கிருந்து போன ஒரு மாதத்துக்குள் 35 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் வெறும் வயிற்றில் இரத்தச் சீனியைப் பாருங்கள். 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். 100 இலிருந்து 125 வரை என்றால் அதுவே திருப்புமுனை. உணவாலும் நடையாலும் பலர் அங்கிருந்து திரும்பி வந்திருக்கிறார்கள். ஊரில் இருப்பவர்கள் அரசாங்க வைத்தியசாலைகளோடு இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இலவசமாகவே பரிசோதிக்கலாம். இரண்டாவது, ஒவ்வொரு வகுப்பணியும் தமக்குள் ஒருவரைப் பொறுப்பாக்கி, மற்றவர்களைக் கேட்டுக்கொண்டே இருங்கள். "உமக்கும் சீனியோ?" என்று தாழ்ந்த குரலில் கேட்பதை விட்டு, "உமது சீனி எவ்வளவு?" என்று சத்தமாகக் கேளுங்கள். மூன்றாவது, அடுத்த ஒன்றுகூடல் முதல் எமது விருந்து மேசையின் முதற் பாத்திரம் கீரையாகவும் இரண்டாவது கடலையாகவும் மீனாகவும் இருக்கட்டும். சோறு மேசையின் கடைசியில் இருக்கட்டும். அது கோபிக்காது.

நூறு ஆண்டுகளாக இந்தக் கல்லூரி பெண்பிள்ளைகளுக்கு எழுத்தையும் எண்ணையும் தந்தது. அந்த எண்ணை எமது கோப்பையிலும் வைத்துப் பார்ப்போம். எமக்குப் பிறகு வரும் பிள்ளைகளின் ஒன்றுகூடலுக்கு நாமும் கண் தெரிந்து, கால் நடந்து வந்து சேரவேண்டும் என்பதே எமது ஆசை. இன்று பகலுணவு மண்டபத்தில் காத்திருக்கிறது. கீரையை முதலில் எடுங்கள்.